கடற்கரை வேண்டாம், உள்ளூர் வேண்டும்: அல்பேனியாவில் எந்த ஊரில் தங்கலாம்?

கூடல்வாசி:
வணக்கம் நண்பர்களே. நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். ஜூனில் மதுரையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். பாரிஸ், வெனிஸ் எல்லாம் போன முறையே காட்டியாயிற்று. இந்தத் தடவை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச இடமிருக்கிற நாடாகப் பார்க்கிறேன். அல்பேனியா என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆனால் இணையத்தில் தேடினால் க்சமில் என்ற ஊரின் கடற்கரை வீடியோதான் திரும்பத் திரும்ப வருகிறது. நீலத் தண்ணீரும் வாடகைச் சாய்வு நாற்காலியும் பார்க்க அவ்வளவு தூரம் போக மனமில்லை. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டார். அப்பாவுக்குப் பழைய வீடு, கோட்டை, சரித்திரம் என்றால் உயிர். ஒரு வாரம் போல நேரம் இருக்கிறது. எங்கே தங்கினால் நல்லது?

மலைப்பாதை:
உங்கள் அப்பாவின் ரசனைக்கு ஜிரோகாஸ்தர்தான். நாட்டின் தெற்கே, த்ரினோ பள்ளத்தாக்குக்கு மேலே மலைச்சரிவில் ஏறி நிற்கிற ஊர். சுவர் கல், தெரு கல், கூரையும் கல். பலகை பலகையாக வெட்டிய சாம்பல் நிறக் கல்லைக் கூரைக்கு அடுக்கியிருக்கிறார்கள். 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2008ல் பெராத் நகரையும் அதோடு இணைத்தார்கள்.

ஸெகாத்தே வீட்டை அவசியம் பாருங்கள். 1811, 1812 வாக்கில் கட்டியது. ஒட்டோமான் காலத்து அதிகாரக் குடும்பம் ஒன்று எப்படி வாழ்ந்தது என்பது அந்த ஒரு வீட்டிலேயே புரிந்துவிடும். கீழ்த்தளம் எதிரிக்குப் பயந்து கட்டிய தடித்த சுவர். மேலே போகப் போக ஜன்னல் பெரிதாகிறது, காற்று வருகிறது. உச்சியில் விருந்தினர் கூடம்: செதுக்கிய மரக்கூரை, சுவரெல்லாம் பூ ஓவியம், நடுவில் கணப்பு அடுப்பு. ஸ்கெந்துலி வீடு என்று இன்னொன்று உண்டு. அதை அந்தக் குடும்பத்தாரே கூட வந்து சுற்றிக் காட்டுகிறார்கள். மழைநீர்த் தொட்டி எங்கே, குளிர்காலத்தில் எந்த அறையில் படுப்பார்கள், பெண்கள் மரச்சட்டத்துக்குப் பின்னாலிருந்து எப்படிக் கூடத்தைக் கவனிப்பார்கள் என்று சொந்தக்காரர் வாயால் கேட்பது தனி அனுபவம்.

ஊருக்கு மேலே கோட்டை. அதில் 1957ல் அல்பேனியாவில் இறங்க நேர்ந்த ஓர் அமெரிக்க ராணுவ விமானத்தின் கூடு இன்னும் கிடக்கிறது. நாற்பது வருடம் நாட்டை இறுக்கிப் பிடித்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா 1908ல் பிறந்ததும் இதே ஊரில்தான். அவர் பிறந்த வீட்டு மனையில் இப்போது நாட்டார் வாழ்க்கை அருங்காட்சியகம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜிரோகாஸ்தரைப் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகாதீர்கள். சரந்தா துறைமுகத்திலிருந்து, கிரேக்கத்தின் கோர்ஃபு தீவிலிருந்து கப்பலில் வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு வருகிற பேருந்துகள் சாயங்காலம் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் கடைக்காரர்கள் நாற்காலியை வெளியே போடுவார்கள், தாத்தாக்கள் சீட்டாட உட்காருவார்கள், இளசுகள் மேலும் கீழுமாக நடப்பார்கள். இந்த மாலை நடைக்கு ஜிரோ என்று பெயர். நாடு முழுக்க உண்டு. சில ஊர்களில் அந்த நேரத்துக்குத் தெருவில் வண்டிப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள்.

பெர்ன்நகர்:
நான் சுவிஸில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் கன காலமாக வேலை செய்கிறேன். என்னோடு நிற்பவர்களில் பாதிப் பேர் கொசோவோ அல்பேனியர்கள். அவர்களோடு கதைத்துக் கதைத்துத்தான் அல்பேனியா போகிற எண்ணமே வந்தது. போனோம், பிறகு திரும்பவும் போனோம்.

கூடல்வாசி தம்பி, ஹோட்டல் எடுக்க வேண்டாம், குடும்பம் நடத்துகிற வீட்டில் தங்குங்கோ. வாசலில் சப்பாத்தைக் கழற்றித்தான் உள்ளே போகவேணும், அம்மா அப்பாவுக்கு அது பிடிக்கும். வந்து இருந்ததும் கோப்பி வரும், ஒரு சின்னத் தட்டில் பழப்பாகு வரும், கூடவே ரக்கி என்கிற சாராயம் ஒரு சின்னக் கிளாஸில் வரும். குடிக்காதவர்கள் நெஞ்சில் கையை வைத்து வேண்டாம் என்று சொன்னால் போதும், ஒருத்தரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் கோப்பியை மறுக்க வேண்டாம். அவசரமாகக் குடித்து எழும்பவும் வேண்டாம்.

இன்னொன்று. 1999இல் கொசோவோவில் போர் நடந்தபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் எல்லை தாண்டி அல்பேனியாவுக்குள் வந்தது. அப்போது அல்பேனியா ஐரோப்பாவின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அப்படியிருந்தும் வடக்கே குகெஸ் பக்கத்தில் முன்பின் தெரியாத குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்தார்கள். என்னோடு வேலை செய்கிற ஒருவர் சின்னப் பிள்ளையாக அப்படி ஒரு வீட்டில் இருந்தவர். இப்பவும் ஒவ்வொரு ஓகஸ்டும் அந்த வீட்டுக்குப் போய்த்தான் மற்ற இடத்துக்குப் போவார். நாங்களும் அகதியாக வந்தவர்கள். அந்தக் கதையைக் கேட்ட பிறகு எனக்கு அந்த நாட்டின் மேல் இருக்கிற மரியாதை வேறு.

நீங்கள் ஜூனில் போவது நல்லது. ஓகஸ்டில் இத்தாலி, ஜெர்மனி, சுவிஸில் இருக்கிற அல்பேனியர்கள் எல்லாரும் ஊருக்கு வருவார்கள், ஊரெல்லாம் கலியாணம், றோட்டெல்லாம் கார்.

கூடல்வாசி:
அண்ணா, மனசு நிறைந்துவிட்டது. மிக்க நன்றி. மலைப்பாதைக்கும் நன்றி. இரண்டு கவலை பாக்கி இருக்கிறது. அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா? அப்புறம் இவர்கள் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட், ஷெங்கன் விசாவில், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவில் வருகிறார்கள். அல்பேனியாவுக்குத் தனி விசா வேண்டுமா?

அடுப்பங்கரை:
சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். அம்மாவைத் தைரியமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

ப்யூரெக் காலையில் எல்லாத் தெருவிலும் கிடைக்கும். மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கி நடுவில் கீரையோ, உதிரிப் பாலாடைக் கட்டியோ, வெங்காயமும் தக்காளியுமோ வைத்துச் சுடுவது. கறி வைத்ததும் அதே தட்டில் இருக்கும், அதனால் பா மிஷ் என்று சொல்லுங்கள், கறி இல்லாமல் என்று பொருள். பாலாடைக் கட்டி வைக்கிற சிலர் முட்டையும் கலப்பார்கள், அதையும் கேட்டுவிடுங்கள். குடைமிளகாய், தக்காளி, பாலாடைக் கட்டி சேர்த்து மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வருவது ஃபெர்கெஸ். சில இடங்களில் ஈரல் போடுவார்கள், அங்கேயும் அதே கேள்வி. பீன்ஸ் சூப், சுட்ட கத்தரிக்காய், ஊறுகாய், ஆலிவ் எல்லாம் தாராளம்.

சோறு வெள்ளையாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். கறி வேகவைத்த தண்ணீரில் வடிப்பது அங்கே சாதாரணம்.

ஜிரோகாஸ்தருக்கென்றே ஒரு பண்டம் உண்டு, சிஃப்சி. அரிசிச் சோற்றில் முட்டையும் புதினாவும் சேர்த்து உருட்டி, நம் பணியாரக் கல் மாதிரி குழி வைத்த சட்டியில் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். முட்டை இருப்பதால் அம்மாவுக்கு ஆகாது, மற்றவர்கள் விடாதீர்கள். அம்மாவுக்கு மோர் கிடைக்கும். தல் என்று கேட்டால் உப்புப் போட்ட மோரைப் பெரிய கிளாஸில் தருவார்கள். ப்யூரெக்கும் மோரும்தான் அங்கே பலருக்குக் காலைச் சாப்பாடே.

மலைத் தேநீரையும் சொல்லிவிடுகிறேன். மலையில் தானாக விளையும் ஒரு பூஞ்செடியைக் காம்போடு உலர்த்திக் கட்டுக் கட்டாகச் சந்தையில் விற்பார்கள். கொதிக்க வைத்துத் தேன் விட்டுக் குடிப்பது. ஊருக்கு வாங்கி வர அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

நெல்லைப்பயணி:
விசா பற்றி: பலமுறை நுழைவு அனுமதி உள்ள ஷெங்கன் விசா இருந்து, அதை ஒரு முறையாவது பயன்படுத்தியிருந்தால் அல்பேனியாவுக்குத் தனி விசா தேவையில்லை, 90 நாள் வரை இருக்கலாம். உங்கள் பெற்றோர் முதலில் ஜெர்மனியில் இறங்குவதால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். உங்களுக்கு ஜெர்மன் வதிவிட அட்டை போதும். விதி மாறக்கூடியது, கிளம்பும் முன் அல்பேனிய வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம்: அல்பேனியா ஷெங்கனில் இல்லை. ஒற்றை நுழைவு விசாவோடு உள்ளே போனால் ஜெர்மனிக்குத் திரும்ப வர முடியாது. விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை என்ன என்று இப்போதே பாருங்கள். கைப்பேசிக்கும் ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் அங்கே செல்லாது, தலைநகர் திரானாவின் விமான நிலையத்திலேயே ஒரு சிம் வாங்கிவிடுங்கள்.

திசைமானி:
எல்லாரும் அல்பேனியாவை யாருக்கும் தெரியாத நாடு மாதிரி பேசுகிறீர்கள். 2023ல் மட்டும் ஒரு கோடி வெளிநாட்டவர் வந்திருக்கிறார்கள். அதே வருடக் கணக்கெடுப்பில் அந்த நாட்டு ஜனத்தொகை சுமார் 24 லட்சம். அதிகம் அறியப்படாத ஐரோப்பா வேண்டுமென்றால் ருமேனியாவின் வடக்கே மராமுரேஷ் போங்கள். ஆணி அதிகம் இல்லாமல் எழுப்பிய மர தேவாலயங்கள், வைக்கோல் போர், செதுக்கிய மர வாசல்கள், இறந்தவரின் வாழ்க்கையை வண்ணப்படமும் பாட்டுமாக எழுதி வைக்கிற ஸப்பன்த்ஸா கல்லறைத் தோட்டம். நாம் இப்படி இழை போட்டுப் போட்டுத்தான் ஓர் ஊரும் அடுத்த க்சமில் ஆகிறது.

மலைப்பாதை:
மராமுரேஷ் அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன ஒரு கோடிப் பேரில் பெரும்பகுதி கடற்கரைக்கும் திரானாவுக்கும் வருகிற கூட்டம். பக்கத்துக் கொசோவோவிலிருந்து கடலுக்கு வருகிறவர்களே ஏராளம். கடற்கரையிலிருந்து ஒரு மலையைத் தாண்டினால் கூட்டம் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கிற ஊர்களில் நிலைமை தலைகீழ். இளைஞர்கள் இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். ஜிரோகாஸ்தரில் கூரை சரிந்து கிடக்கிற பெரிய வீடுகளை நீங்களே பார்ப்பீர்கள். கல் கூரையைப் பிரித்து அடுக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன, செலவும் அதிகம். அங்கே ஒரு குடும்பம் நாலு அறையை வாடகைக்கு விட்டால் அந்தப் பணம் அந்தக் கூரைக்குப் போகிறது. அதனால்தான் தங்குங்கள், இரண்டு மூன்று இரவு தங்குங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். கூட்டம் கெடுக்கும் என்பது க்சமிலுக்குச் சரி. ஜிரோகாஸ்தரைக் கெடுப்பது காலியான வீடு.

திசைமானி:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடக்கே தெத் போன்ற மலைக் கிராமங்களில் நடப்பது எனக்கு உறுத்துகிறது. பழிக்குப் பழி வழக்கத்தில் உயிருக்குப் பயந்த ஆண்கள் ஒளிந்திருந்த கல் கோபுரம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் முன்னால் சிரித்துக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறார்கள். ரத்தப் பகையால் வீட்டை விட்டு வெளியே வர முடியாத குடும்பங்கள் சமீப காலம் வரைக்கும் இருந்திருக்கின்றன. அதைக் காட்சிப் பொருளாக்குவது நியாயமா?

பெர்ன்நகர்:
திசைமானி சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். வெளியில் இருந்து வருகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான் என்று கவலைப்படுவார்கள்.

கானூன் என்கிற அந்த வழக்குச் சட்டத்தில் பழி வாங்குவது மட்டுமில்லை. கலியாணம், நில எல்லை, ஆட்டு மந்தை, விருந்தாளி என்று வாழ்க்கை முழுக்க இருக்கிறது. அல்பேனியனின் வீடு கடவுளுக்கும் விருந்தாளிக்கும் சொந்தம் என்று அதில் ஒரு வரி. வாசலுக்கு வந்தவனைக் காப்பதற்கு ‘பேசா’ என்று பெயர், கொடுத்த வாக்கு என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் நாட்டைப் பிடித்திருந்தபோது அல்பேனியக் குடும்பங்கள் யூதர்களைத் தங்கள் ஆடையை உடுத்தி, தங்கள் பெயரைக் கொடுத்து வீட்டில் வைத்திருந்தார்கள். போர் தொடங்கும்போது இருந்ததைவிட முடியும்போது அந்த நாட்டில் யூதர்கள் கூடுதலாக இருந்தார்கள். பெராத்தில் சாலமன் அருங்காட்சியகம் என்று ஒரு சின்ன இடம் இதைச் சொல்கிறது. தெத் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்க்கலாம், ஆனால் அதோடு இதையும் தெரிந்துகொண்டு போகவேணும். தங்குகிற வீட்டில் முதல் நாளே உங்கள் குடும்பத்தில் பகை உண்டா என்று கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கோ.

வெண்கலக்குரல்:
இசை பற்றி யாரும் எழுதவில்லையே! தெற்கு அல்பேனியாவின் பல்குரல் பாட்டுக்காகவே அங்கே போகலாம். 2005ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. நாலைந்து பேர் நெருங்கி நிற்பார்கள், இல்லையென்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எடுப்பார், இன்னொருவர் குறுக்கே பதில் சொல்வார், மீதிப் பேர் கீழே ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சுருதிக்கு ஈசோ என்று பெயர். தொஸ்க் பகுதியில் அது அறுபடாமல் ஓடும், ஒருவர் மூச்சு வாங்கும்போது அடுத்தவர் தாங்கிக்கொள்வார். லாப் பகுதியில் கரடுமுரடாக, வார்த்தையோடு சேர்ந்து அடிக்கும். கல்யாணத்திலும் பாடுவார்கள், சாவிலும் பாடுவார்கள்.

ஜிரோகாஸ்தர் கோட்டைக்குள் 1968லிருந்து தேசிய நாட்டார் கலை விழா நடக்கிறது. சில வருடத்துக்கு ஒரு முறைதான் வரும், கடைசியாக 2023ல் நடந்தது. விழா இல்லாத நேரத்திலும் கவலை வேண்டாம். தங்குகிற வீட்டில் கேட்டுப் பாருங்கள், பக்கத்தில் யார் வீட்டிலாவது விசேஷம் இருக்கும். பெர்மெத் என்ற ஊர்ப் பக்கம் போனால் கிளாரினெட். சாவு வீட்டு ஒப்பாரியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கபா என்ற வாசிப்பைக் கேட்டால் நெஞ்சு கனத்துப் போகும்.

மலைப்பாதை:
வெண்கலக்குரல் பெர்மெத் பெயரை எடுத்தது நல்லதாயிற்று. ஜிரோகாஸ்தரிலிருந்து ஒரு மலை இடுக்கு வழியாகச் சுற்றிப் போனால் வியோசா ஆற்றங்கரையில் பெர்மெத். கிரேக்கத்தின் பிந்தூஸ் மலையில் பிறந்து ஏட்ரியாட்டிக் கடல் வரை சுமார் 270 கி.மீ. ஓடுகிற ஆறு அது. அல்பேனியாவுக்குள் அதன் முதன்மை ஓட்டத்தை எந்த அணையும் மறிக்கவில்லை. வரவிருந்த அணைத் திட்டங்களை எதிர்த்து ஊர் மக்களும் விஞ்ஞானிகளும் பல வருடம் போராடினார்கள். 2023 மார்ச்சில் அரசு அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது, ஐரோப்பாவில் ஒரு காட்டாறு முழுவதற்கும் அப்படிப் பாதுகாப்பு கிடைத்தது அதுதான் முதல் தடவை. போராட்டம் முழுசாக முடியவில்லை. ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பறவைகள் வந்து தங்கும் காயலை ஒட்டி, ஒரு விமான நிலையம் எழுந்திருக்கிறது. அதை எதிர்க்கிற குரல்களும் ஓயவில்லை.

பெர்மெத்தில் பார்க்க நினைவுச் சின்னம் என்று அதிகம் இல்லை. அதுவே அதன் அழகு. பென்யா கிராமத்துக்குப் பக்கத்தில் பழைய கல் பாலத்தின் அடியில் வெந்நீர் ஊற்று, சும்மா இறங்கிக் குளிக்கலாம். க்லிகோ என்ற பழப்பாகுக்குப் பெயர் போன ஊர். பச்சை அக்ரூட் (வால்நட்) காயைத் தோல் சீவி, பலமுறை ஊற வைத்துக் கசப்பை எடுத்து, பாகில் போட்டுப் பாதுகாப்பார்கள். உங்கள் அம்மா அந்த வீட்டு அம்மாவிடம் செய்முறை கேட்டால் மத்தியானம் முழுக்க ஓடிவிடும். மொழி தெரியாவிட்டாலும் நடக்கும்.

நெல்லைப்பயணி:
போக்குவரத்துக்கு ஒரு வார்த்தை. ரயிலை நம்பிப் போகக்கூடிய நாடு இல்லை அது. ஊர்களுக்கிடையே பேருந்தும் ஃபுர்கோன் என்ற சிறு வேனும்தான். காலையில் நிறைய இருக்கும், மத்தியானத்துக்கு மேல் குறைந்துவிடும். வேன் எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாள் தங்குமிடத்தில் கேட்பதுதான் உறுதி. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்டுப் பயந்துவிட வேண்டாம். 1965ல் பணத்தின் மதிப்பை மாற்றி பத்து பழைய லெக்கை ஒரு புது லெக் ஆக்கினார்கள். ஆனால் வயதானவர்கள் இன்றும் பழைய கணக்கிலேயே சொல்வார்கள். 500 லெக் சாமானுக்கு 5000 என்பார்கள். ஏமாற்று எதுவும் இல்லை, புதுக் கணக்கா பழைய கணக்கா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

பெர்ன்நகர்:
அதோடு தலையாட்டுவதும் கவனம். பழைய ஆட்கள் ஆம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேலே தூக்குவார்கள். நாங்கள் சரி என்று தலையாட்டுவது அவர்களுக்கு விளங்கிவிடும், ஜெர்மன்காரர்தான் குழம்புவார்கள்.

கூடல்வாசி:
எல்லோருக்கும் நன்றி. விசா ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டேன், பலமுறை நுழைவுதான். இப்போதைக்குத் திட்டம் இது: திரானாவில் இறங்கி நேராக பெராத்தில் இரண்டு இரவு, பிறகு ஜிரோகாஸ்தரில் மூன்று, பெர்மெத்தில் ஒன்றிரண்டு. தெத் மலைப்பக்கத்தை விட்டுவிட்டேன், அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு அது முடியாது. திசைமானி, மராமுரேஷ் அடுத்த வருடத்துக்குக் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒரு கேள்வி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஜிரோகாஸ்தர் மேடு ஏறச் சிரமப்படுவாரா?

மலைப்பாதை:
சிரமம்தான், மறைக்க மாட்டேன். தெருவெல்லாம் வழுவழுப்பான உருண்டைக் கல், சரிவும் அதிகம், மழை பெய்தால் இன்னும் வழுக்கும். பழைய கடைத்தெருவுக்குப் பக்கத்தில், வாசல் வரை வண்டி வருகிற வீடாகக் கேட்டு அறை எடுங்கள். புது ஊரில் கீழே தங்கினால் தினமும் ஏற வேண்டியிருக்கும். கோட்டைக்கும் ஸெகாத்தே வீட்டுக்கும் டாக்சி பேசிக்கொள்ளுங்கள். பெராத்திலும் அப்படித்தான். அங்கே கோட்டைக்குள் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன, மேலே வரை டாக்சி போகும். 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒனூஃப்ரியின் பெயரில் உள்ள தேவாலய அருங்காட்சியகமும் அதற்குள்தான். காலையில் மேலே விட்டுவிடச் சொல்லி, அம்மா ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, நீங்களும் அப்பாவும் சுற்றி வாருங்கள். ரப்பர் அடி வைத்த செருப்பு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.